911 எஸ்சி பின்னாடி 8 இன்ச் வீல் உட்காருமா?

நம்ம கார் போர்ஷ 911 எஸ்சி, முன்னாடி 6 இன்ச் அகல வீல்ல 185/70 ஆர்15 டயர், பின்னாடி 7 இன்ச்ல 215/60 ஆர்15, எல்லாம் ஒரிஜினல்தான். 15 இன்ச் விட்டத்துல நல்ல டயர் கிடைக்கிறதே கஷ்டமா இருக்கு, அதான் 16க்கு மாறி பின்னாடி 8 இன்ச் போடலாமான்னு யோசனை. ஃபெண்டர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடி தகடு) உரசுமா?

பதில்:
அகலத்தை விட ஆஃப்செட்டைத்தான் (வீலோட நடுக்கோட்டுக்கும் அது ஹப்புல பொருந்துற முகத்துக்கும் உள்ள தூரம்) பாக்கணும் நண்பா. 7 இன்ச் ஃபூக்ஸ்க்கு (போர்ஷவோட அலாய் வீல்) 23.3 மிமீ, 8 இன்ச்சுக்கு 10.6 மிமீ, கணக்கு போட்டா உள்பக்க ஓரம் அதே இடத்துலதான் நிக்கும், கூடுற 25.4 மிமீ மொத்தமும் வெளிய தள்ளும். எஸ்சி ஃபெண்டர் அகலம்கிறதால 225/50 ஆர்16 உட்காரும், ஆனா கார் ரொம்ப தாழ்வா இருந்தா ஃபெண்டர் லிப்பை (ஓரத்தை) மடிக்க வேண்டி வரும். முன்னாடி 6 இன்ச்ல 205/55 போடுங்க, ரெண்டு டயர் உயரமும் கிட்டத்தட்ட 632 மிமீ.

பதில்:
பழைய டயர் உயரம் 639 மிமீ, அதனால ஸ்பீடோ ஒரு சதவீதம் போல கூட காட்டும், பெருசா ஒண்ணும் இல்ல. பின்னாடி 245 போடாதீங்க, பின் பிடி அதிகமாகி முன்பக்கம் திரும்பாம நேரா போகும், எனக்கு அது எரிச்சல். செகண்ட்ஹேண்ட் வீல்னா வளைவு, விரிசல் பாத்துட்டு வாங்குங்க.

கேட்டவர்:
ஆஃப்செட் நம்பர பத்தி யோசிக்கவே இல்ல சார், ரொம்ப நன்றி! ஒரு வீல மட்டும் கடன் வாங்கி மாட்டிப் பாத்துட்டு சொல்றேன்.