சேர்வராயன் மலைக் காற்றோட்டம்: மெஷ்ஷை ஓட்டத்தின் நடுவே மாற்றுவதா, முன்கூட்டியே கட்டிவிடுவதா?

கன்னங்குறிச்சி: ஓபன்ஃபோம் என்ற காற்றோட்டக் கணிப்பு மென்பொருளில் சேர்வராயன் மலைமேல் வீசும் தென்மேற்குக் காற்றை எல்.இ.எஸ். முறையில் (பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் முறை) ஓட்டப் போகிறோம். சேலம் சமவெளி சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். கணக்கிடும் பெட்டி 40 × 32 கி.மீ., உயரம் 4.8 கி.மீ. அதைச் சிறு கட்டங்களாக (செல்) வெட்டிய வலைதான் மெஷ்: கிடைமட்டத்தில் 80 மீட்டர் செல், செங்குத்தில் 60 அடுக்கு, தரையடுக்கு 24 மீட்டர். மொத்தம் 1.2 கோடி செல். எல்லா இடத்திலும், மூன்று திசையிலும் கால்வாசியாக்கி 20 மீட்டருக்கு இறங்கினால் 76.8 கோடி ஆகிவிடும். இருப்பதோ 32 கோர் (கணினிச் செயலி). ஓட்டத்தின் நடுவே தேவையான இடத்தில் மட்டும் செல்லைப் பிரிக்கும் அடாப்டிவ் மெஷ் போடலாமா?

சூரமங்கலம்: தாராளமாகப் போடுங்கள். மலை தாண்டி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இறங்கும் சுழல் ஒரே இடத்தில் நிற்காது. காற்று 10 டிகிரி திரும்பினாலே, 20 கி.மீ. தள்ளி அதன் வால் 3.5 கி.மீ. விலகிவிடும். அத்தனை இடத்துக்கும் முன்கூட்டியே பொடி செல் போட்டு வைப்பது வீண்.

அஸ்தம்பட்டி: எனக்கு உடன்பாடில்லை. ஓபன்ஃபோம் செல்லை எட்டாகப் பிரிக்கும்போது புதுப் புள்ளிகள் பழைய முகத்தின் நடுவில்தான் உட்காரும்; நிலப்பரப்புக் கோப்பை மறுபடி பார்க்காது. 80 மீட்டரில் மழுங்கிப்போன மலைமுகடு 20 மீட்டரிலும் அதே மழுங்கல்தான்.

அடுத்தது சொரசொரப்பு. சில்வர் ஓக் நிழலில் காப்பி வளரும் சரிவுக்கு இசட்-நாட் (தரையின் சொரசொரப்பைச் சொல்லும் நீளம்) 0.5 மீட்டர் என்று வைத்தால், வழக்கமான வால் ஃபங்ஷனில் (wall function: தரையொட்டிய காற்றுக்கான சூத்திரம்) அதற்கு ஈடான மணற்சொரசொரப்பு (மணல் துகள் உயரமாகச் சொன்னால்) ஏறக்குறைய 9.8 மீட்டர். முதல் செல்லின் மையம் அதற்கு மேலே இருந்தாக வேண்டும். 24 மீட்டர் செல்லின் மையம் 12, சரி. ஒருமுறை பிரித்தால் 6 மீட்டர், அங்கேயே விதி உடைகிறது. எங்கே பிரிப்பது என்பதைத் திசைவேகச் சரிவை (காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாறும் விகிதம்) வைத்துத் தேடும் அளவுகோலோ முதலில் தரைச் செல்லைத்தான் பிரிக்கும்.

சூரமங்கலம்: அதற்குத்தான் தரையடுக்குகளைப் பிரியாமல் பூட்ட வேண்டும். ஒரே அடுக்கைப் பூட்டினால் பலனில்லை. பக்கத்துச் செல்களுக்கிடையே ஒரு லெவலுக்கு (ஒருமுறை பிரித்தால் லெவல் 1, இருமுறை என்றால் லெவல் 2) மேல் வித்தியாசம் கூடாது என்பதால், மேல் அடுக்கு லெவல் 2 போனதும் தரையும் லெவல் 1க்கு இழுபடும். குறைந்தது இரண்டு அடுக்கு. வெறும் திசைவேகச் சரிவுக்குப் பதில் சுழற்சியை செல் அகலத்தால் பெருக்கிப் பாருங்கள்; செல் சிறுக்கச் சிறுக்க மதிப்பும் இறங்கும், பிரிப்பு தானே நிற்கும். பிரிக்கும் வரம்புக்கும் சேர்க்கும் வரம்புக்கும் நல்ல இடைவெளி வையுங்கள். இல்லாவிட்டால் அதே செல் பிரிவதும் சேர்வதுமாக இருக்கும், ஒவ்வொரு முறையும் அழுத்தம் எகிறும்.

அஸ்தம்பட்டி: காற்று தரையை விட்டுப் பிரிந்து கிளம்புவதே முகட்டின் அந்தக் கீழடுக்குகளில்தான். அதைப் பூட்டிவிட்டுப் பின்னால் வாலை மட்டும் பொடியாக்கி என்ன பயன்? பொடியாக்குவதற்கு விலையும் உண்டு. 1984இல் பெர்கர், ஒலிகர் தந்த அடாப்டிவ் முறையில் சிறு செல்களுக்கு மட்டும் சிறு காலஅடி (கணக்கு ஒரு தடவையில் நகரும் நேரம்). இங்கே எல்லாச் செல்லுக்கும் ஒரே காலஅடி. லெவல் 2 வந்தால் 80 மீட்டர் செல்லும் கால்வாசி அடியில்தான் நகரும்.

சூரமங்கலம்: இசட்-நாட்டை நேரடியாக எடுக்கும் வளிமண்டல வால் ஃபங்ஷன் இருக்கிறதே, அதில் 9.8 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது. முகட்டில் நிலையான பொடி மெஷ், வாலுக்கு அடாப்டிவ் என்று பங்கிடலாம்.

கன்னங்குறிச்சி: எத்தனை காலஅடிக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும், அண்ணா?

சூரமங்கலம்: கூரன்ட் எண் (ஒரு காலஅடியில் காற்று கடக்கும் செல் கணக்கு) 0.5, ஐந்து அடிக்கு ஒருமுறை என்றால் அதற்குள் சுழல் 2.5 செல் நகர்ந்துவிடும். அதனால் முன்னால் மூன்று செல்லாவது பொடியாக இருக்க வேண்டும். பஃபர் லேயரை மட்டும் நம்பாதீர்கள், தம்பி. அது பிரித்த செல்லைச் சுற்றி மறுபடி சேராமல் காப்பதற்கு. பிரிக்கும் வரம்பையே தாழ்த்துங்கள்.

அஸ்தம்பட்டி: தம்பி, முதலில் 80 மீட்டரில் ஒரு ரான்ஸ் (சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிடும் முறை) ஓட்டுங்கள். கொந்தளிப்பு ஆற்றல் எங்கே திரள்கிறது என்று பார்த்து அந்தப் பகுதிகளுக்கு மட்டும் 20 மீட்டர் மெஷ்ஷைப் புதிதாகக் கட்டுங்கள். அப்போது முகடும் நிலத்தோடு ஒட்டும். உயரத் தரவு எஸ்.ஆர்.டி.எம். (விண்வெளி ரேடார் அளவீடு) 30 மீட்டர்தான், அதற்குக் கீழே போவதால் மலை இன்னும் துல்லியமாகிவிடாது. 32 கோருக்கும் வேலை சமமாகப் பங்காகும். அடாப்டிவில் வால் பகுதி நடுவே பெருத்தால் நாலைந்து கோர் திணறும், மீதி காத்திருக்கும்.

சூரமங்கலம்: திசை மாறாத ஓட்டத்துக்கு உங்கள் வழியை ஏற்கிறேன். நுழைவுத் திசை நடுவிலேயே திரும்பும் ஓட்டத்துக்கு மாட்டேன். கோர்களுக்கு வேலையை மறுபடி பங்கிடும் லோட் பேலன்சர் உள்ள பதிப்பை எடுத்து அடாப்டிவ்தான் போடுவேன்.