மௌன வசந்தமும் இலங்கை மலேரியாவும்

கரிசல்காட்டான்: சுற்றுச்சூழல் படிக்கத் தொடங்குபவர்களுக்கென்று நேற்று நீர்க்காகம் போட்ட புத்தகப் பட்டியலில், பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ முதலிடம். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. 1962-இல் புத்தகம் வந்தது, அதனால்தான் 1964-இல் இலங்கை, மலேரியாக் கொசுவைக் கொல்லும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதை நிறுத்தியது. 1963-இல் 17 பேருக்கு இருந்த மலேரியா 1969-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இதையும் சேர்த்துப் பரிந்துரை செய்யுங்கள்.

நீர்க்காகம்: நிறுத்தியது புத்தகத்தைப் படித்துவிட்டு அல்ல. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, இனித் தெளிப்பு வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று நிறுத்தினார்கள். அன்றைய உலக மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் முறையே அதுதான். அமெரிக்காவே 1972-இல்தான் டிடிடிக்குத் தடை போட்டது. இப்படிப்பட்ட நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 2001 ஸ்டாக்ஹோம் உலக ஒப்பந்தம்கூட நோய் பரப்பும் கொசுவுக்கு டிடிடி அடிக்க இடம் விட்டிருக்கிறது. பூச்சிக்கொல்லியே கூடாது என்பது தன் வாதமல்ல என்று கார்சன் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். முழுதாகப் படித்தீர்களா?

கரிசல்காட்டான்: 1962 முந்தியா, 1964 முந்தியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பனைவிதை: இரண்டு பேரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ ஏன் பட்டியலில் இல்லை? இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் ஏன் இல்லை? நம் ஆட்கள் எழுதினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

நீர்க்காகம்: பாஸ்கரன் ஏழாவது இடத்தில் இருக்கிறார். பட்டியலைப் பார்க்காமலே சண்டைக்கு வருகிறீர்கள். போன மாதம் யூகலிப்டஸ் பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள்.

பனைவிதை: ஏழாவது! அதைத்தான் சொல்கிறேன். யூகலிப்டஸில் நான் சொன்னதுதான் சரி, இன்றும் சொல்வேன்.

வவுனியாக்காரன்: எங்கட ஊர்க் கதையை நீங்கள் இரண்டு பேரும் பேசுகிறீர்கள். பிறகு டி.டி.ரி. திரும்பவும் அடித்தார்கள்தானே? நுளம்பு, உங்கட கொசு, அதற்குப் பழகிவிட்டது, 1977-இல் மாலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

நீர்க்காகம்: அதைத்தான் கார்சனும் சொன்னார்! கண்ட இடத்திலெல்லாம் அடித்தால் பூச்சி மருந்துக்குப் பழகிவிடும் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பல நாடுகளில் வயலில் அடித்து அடித்து, கடைசியில் மலேரியாக் கொசுவுக்கும் மருந்து கேட்காமல் போனது. மக்களைக் காக்க இருந்த மருந்தை வீணாக்கியவர்கள் யார்? 1964-இல் புற்றுநோயில் இறந்துபோன ஒரு பெண்மீது ஐந்து லட்சம் பேரின் காய்ச்சலை ஏற்றுவது அநியாயம். எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

கரிசல்காட்டான்: இறந்தவர் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா? 1962-க்கு அப்புறம்தான் 1964. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நீர்க்காகம்: மேலே இருக்கிறது பதில். புத்தகம் வராமல் இருந்தாலும் 17 நோயாளிகளுக்காக நாடு முழுக்கத் தெளித்திருக்க மாட்டார்கள்.

வவுனியாக்காரன்: 2016-இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததையும் எழுதுங்கோ.

பனைவிதை: மா. கிருஷ்ணன் எத்தனையாவது இடம்?