புதுப்பிப்பு: பழைய கணினியில் டிசிஎஸ் வேர்ல்ட் (போர் விமானம் ஓட்டும் விளையாட்டு) திக்கித் திக்கி ஓடியது – தீர்வு கிடைத்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கணினி: ஐ5-4590, 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. ஊர்களுக்கு மேல் தாழப் பறக்கும்போது ஓரிரு வினாடி உறைந்துவிடும் என்று கேட்டிருந்தேன்.

கிராபிக்ஸ் கார்டு மேல் தப்பில்லை. "டாஸ்க் மேனேஜரில் ரேமைப் பாருங்க" என்று சொன்னவர் சொன்னதுதான் சரி: 8 ஜிபியும் நிரம்பி, மிச்சம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பேஜ்ஃபைலுக்கு (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) போய்க்கொண்டிருந்தது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 போட்டு, விளையாட்டையும் பேஜ்ஃபைலையும் (16384–32768 எம்பி) எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் உறைவது நின்றது.

எதிர்பாராத ஒன்று: புது ரேமைப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியதால் சிங்கிள் சேனலில்தான் (இரண்டு ரேமும் ஒரே பாதையில், மெதுவாக) ஓடியது. கணினி விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில்தான் தெரிந்தது. அதே நிற ஸ்லாட்டுக்கு மாற்றியபின் சரி.

விளையாட்டின் செட்டிங்ஸ்: டெக்ஸ்சர் மீடியம், காக்பிட் திரை 512, கண்ணாடிகள் ஆஃப், நிழல் ஃப்ளாட். இப்போது 40–45 எஃப்பிஎஸ் (வினாடிக்கு இத்தனை ஃப்ரேம்). ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) விளையாட்டு சேமித்து வைக்கும் எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 ஃபோல்டர்களை அழித்தது இதற்கு உதவவில்லை. ஷேடர்களை மறுபடி உருவாக்க வேண்டியிருந்ததால் முதல் லோடிங்தான் நீண்டது.