கோட்டாவுக்குத் தமிழ்ச் சொல்: ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் தொகுதிக் கட்டுரைக்காக

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சட்டப்பேரவையில் 1920 முதல் 1927 வரை மட்டுமே இருந்த ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரை கோட்டா (quota) என்ற ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்.

1920, 1922, 1925 ஆகிய மூன்று தேர்தல்கள் அந்த மாநிலத்தில் விகிதாசார முறையில் நடந்தன. 90 உறுப்பினர்களுக்கு 24 தொகுதிகள். சிட்னியைச் சுற்றியுள்ளவையும் நியூகாசிலுமாக ஒன்பது தொகுதிகளுக்குத் தலா ஐந்து பேர், மீதிப் பதினைந்துக்குத் தலா மூன்று பேர். போண்டை, ரண்ட்விக், வூலாரா போன்ற கடலோரத் தொகுதிகளைக் கரைத்து உருவாக்கியதுதான் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். ஐந்து பேர் கொண்டது. வாக்காளருக்கு ஒரே வாக்கு. ஆனால் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம்.

எத்தனை வாக்கு வாங்கினால் ஒருவர் வென்றதாகக் கணக்கு? செல்லத்தக்க வாக்குகளை, இடங்களோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, ஈவோடு இன்னொன்று கூட்ட வேண்டும். 60,000 வாக்குகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்து இடம் என்றால் ஆறால் வகுக்க 10,000. அதனுடன் ஒன்று, 10,001. ஆறு பேர் 10,001 வாங்க வேண்டுமானால் 60,006 வாக்கு வேண்டும், அவ்வளவு இல்லை. ஆக, அதிகபட்சம் ஐந்து பேர்தான் அதைத் தொட முடியும். அழகான கணக்கு இது. இந்த 10,001-ஐத்தான் ஆங்கிலத்தில் கோட்டா என்கிறார்கள்.

அகராதியைப் பார்த்தால் 'ஒதுக்கீடு' என்று இருக்கிறது. அதை இந்தத் தொகுதியில் பொருத்திப் பாருங்கள். 1925-இல் இங்கிருந்துதான் மில்லிசென்ட் பிரெஸ்டன்-ஸ்டான்லி வென்றார். நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்மணி அவர். 'ஒதுக்கீட்டைப் பெற்று வென்றார்' என்று எழுதினால் நம் வாசகர் என்ன நினைப்பார்? பெண்களுக்கான ஒதுக்கீட்டு இடம் என்றுதானே? அவருக்கு முன், 1922-இல், கத்தோலிக்கர்களின் ஜனநாயகக் கட்சி சார்பில் சிரில் ஃபாலன் இங்கே வென்றார். அதையும் சிறுபான்மையினர் இடம் என்றே படிப்பார்கள். இரண்டுமே உண்மைக்கு நேர்மாறு. எந்த இடமும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆறில் ஒரு பங்கு ஆதரவு இருந்தால் போதும் என்ற கணக்குதான் இவர்களுக்குக் கதவைத் திறந்தது.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். 1952-இலும் 1957-இலும் இருந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. 1961-இல் சட்டம் போட்டு அவற்றை எடுத்தார்கள். 'பல உறுப்பினர் தொகுதி' என்றதும் நம்மவர் மனதில் வருவது அதுதான். பக்கத்திலேயே ஒதுக்கீடு என்றும் எழுதினால் முடிந்தது கதை.

மாநிலங்களவைத் தேர்தல் வரும்போது நம் நாளிதழ்கள் இந்தச் சொல்லைத் தொடாமலே தாண்டிவிடுகின்றன. 'ஓர் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு தேவை' என்று எழுதுவார்கள். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234-ஐ ஏழால் வகுக்க 33.4 வரும். அதற்கு அடுத்த முழு எண்தான் அந்த 34. அதே கணக்கு, அதே கோட்டா. செய்திக்கு அது போதும். ஒவ்வொரு சுற்றையும் விவரிக்கும் கட்டுரைக்குப் பெயர்ச்சொல் வேண்டும். 'வெற்றியளவு' சரியாக வருமா?

———

வணக்கம் தம்பி.

ஒதுக்கீடு வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. 'வெற்றியளவு' எனக்கு ஒட்டவில்லை. எவ்வளவு பெரிய வெற்றி என்று, வாக்கு வித்தியாசத்தைச் சொல்வதுபோல் கேட்கிறது.

'வெட்டுப்புள்ளி' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே மறித்துவிடுகிறேன். இலங்கையில் அது, ஒரு கட்சி மாவட்டத்தில் 5 சதவீதம் எடுக்காவிட்டால் கணக்கிலிருந்தே விலக்கப்படும் எல்லை. அதைத் தாண்டினாலும் இடம் கிடைக்கும் என்றில்லை. நீங்கள் சொல்லும் எண்ணைத் தொட்டால் இடம் உறுதி. இரண்டும் வேறு.

தொகுதிக்கு எங்கள் பக்கத்தில் 'பல அங்கத்தவர் தொகுதி' என்போம். 1977 தேர்தல் வரை கொழும்பு மத்திக்கு மூன்று பேர், மட்டக்களப்புக்கு இரண்டு பேர் இருந்தார்கள். கொழும்பு மத்தியில் வாக்காளர் ஒருவருக்கு மூன்று வாக்கு இருந்தது. மூன்றையும் ஒரே வேட்பாளருக்குக்கூடப் போட முடிந்தது. ஆகவே தொகுதியின் பெயரை வைத்து வாக்கு முறையை ஊகிக்கவே முடியாது. முறையைத் தனியாக எழுதுங்கள்.

என் பரிந்துரை 'வெல்வாக்கு'. வெல்லும் வாக்கு, வென்ற வாக்கு, வெல்வதற்கான வாக்கு எல்லாம் அடங்கும். செல்வாக்கு என்ற சொல் நாவில் இருப்பதால் புதுச்சொல் என்ற உறுத்தலும் இராது.

———

ஐயா, நன்றி. வெல்வாக்கை வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

'ஐந்து உறுப்பினர் தொகுதியில் வெல்வாக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மூன்று உறுப்பினர் தொகுதியில் கால் பங்கு.' 'முதல் சுற்றிலேயே வெல்வாக்கைத் தாண்டினார்.' 'வெல்வாக்குக்கு மேல் விழுந்த மிகைவாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்பட்டன.' எங்கும் இடறவில்லை. வேற்றுமை உருபு ஏற்கிறது, வெல்வாக்கு – மிகைவாக்கு என்று இணையும் அமைகிறது. இதையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இந்த ஏழாண்டுகளில் ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது. அவருடைய கட்சியில் தோற்றவர்களில் அடுத்த நிலையில் இருந்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். 1921 அக்டோபரில் முதல்வர் ஜான் ஸ்டோரி பதவியில் இருக்கும்போதே இறந்தபோது பால்மெயினிலும் இடைத்தேர்தல் நடக்கவில்லை.

இது சின்ன விஷயமல்ல. 1920-இல் தொழிற்கட்சி 43 இடங்களோடு நூலிழையில் ஆட்சியில் இருந்தது. சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லை உள்ளடக்கிய ஸ்டர்ட் தொகுதியின் பெர்சி புரூக்ஃபீல்டு அந்த நூலைக் கையில் பிடித்திருந்தார். ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தீவிரத் தொழிலாளர் அமைப்பின் மீதான வழக்கில் சிறையில் கிடந்த 12 பேரில் 10 பேர் அந்த ஆண்டே வெளியே வந்ததற்கு அவர் கொடுத்த நெருக்கடி முக்கியக் காரணம். 1921 மார்ச்சில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்ட்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் கண்மூடித்தனமாகச் சுட்டுக்கொண்டிருந்தான். அவனை மடக்கப் போன புரூக்ஃபீல்டு குண்டடிபட்டு இறந்தார். அந்த இடத்துக்கு யார் வருவது என்பதை ஸ்டர்ட் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 20 அன்று, எதிர்த்தரப்பான தேசியவாதக் கட்சியின் ஜார்ஜ் ஃபுல்லர் ஏழு மணி நேரம் மட்டும் முதல்வராக இருந்த கூத்தும் நடந்தது. ஒவ்வோர் இடமும் அவ்வளவு கனமாக இருந்த அவை அது.

ஆகவே, வாக்குச்சாவடிக்கே போகாமல் இடத்தை நிரப்பும் இந்த வழிக்கு 'நியமனம்' என்று எழுத எனக்கு மனமில்லை. ஆளுநர் நியமித்த உறுப்பினர் என்று ஆகிவிடும். 'அடுத்தவர் அமர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அமர்வு என்றால் கூட்டத்தொடரையும் குறிக்குமே என்பதுதான் தயக்கம். 'அடுத்தவர் ஏற்பு' பரவாயில்லையா? டாஸ்மேனியாவில் பழைய வாக்குச்சீட்டுகளை மறுபடி எண்ணி இடத்தை நிரப்புகிறார்கள், அதற்கு 'மீள்எண்ணிக்கை நிரப்பல்' என்று தனிப்பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காமல் யோசித்துச் சொல்லுங்கள், ஐயா.