மலைப்பாதையில் நம்மைத் தாண்டிப் போனவர்கள்

வடகரை:

பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் ஏறி வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் போகிற பாதை இங்கே பலருக்குத் தெரியும், அதனால் வழி சொல்லவில்லை. எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அந்தப் பாதையில் இறங்கி வந்த ஒரு பாட்டி. நாங்கள் நாலு பேர் மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து அவர் வந்தார், தலையில் சாக்கு மூட்டை, கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார், வெறுங்கால். நான் அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கல்லில் முதலில் விரல்கள் இறங்கின, கல் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் குதிகால் வந்தது. அவ்வளவு சரிவில் ஒரு கல் கூடக் கீழே உருளவில்லை. நாங்கள் ஏறியபோது எத்தனை கல் உருண்டது என்று கணக்கே இல்லை.

"மேல உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை பாட்டி, சும்மா நடக்கலாம் என்று வந்தோம் என்றேன். "சும்மாவா?" என்றார். கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே விளங்கிக்கொள்ள முயன்றார். அவருக்கு மூன்று நாளாகப் பல்வலியாம், கிராம்பை அடக்கிக்கொண்டு பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போகிற போக்கில் காபிக்கொட்டையையும் போட்டுவிட்டு வரலாம் என்று தூக்கிக்கொண்டாராம். பல்வலியோடு மூட்டையும்! மூட்டையைக் கொஞ்ச தூரம் நாங்கள் தூக்கி வருகிறோம் என்று சொன்னதற்கு, "நீங்க ஏறுங்க சாமி, பொழுது போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "சும்மாவா?"வுக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

காட்டுநடை:

அருமை. வெள்ளகவி ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு தாத்தா கறுப்புக் காபி கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பாதையை இப்படியே விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ரோடு போட்டால் ஆறே மாதத்தில் மேகி நூடுல்ஸ் கடையும் டென்ட்டும் பிளாஸ்டிக்கும் வந்துவிடும், வட்டக்கானல் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்.

ராசிபுரம் டீச்சர்:

மேலே ரோடு வேண்டாம் என்று எழுதியிருப்பவருக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ராசிபுரம் பக்கம் இருக்கும் போதமலைக்குத் தேர்தல் பணி போட்டார்கள். தேர்தல் வந்தால் பேப்பரில் படம் வருமே, ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள் என்று, அந்த மலைதான். அடிவாரத்தில் இருக்கும் வடுகத்தில் இறங்கி முதல் நாளே நடக்க ஆரம்பித்தோம். பாதி வழியில் முன்னால் போன போலீஸ்காரர் எல்லாரையும் ஓரமாக நிற்கச் சொன்னார். மேலேயிருந்து நாலு பேர் மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். முகம் தெரியவில்லை. போர்வையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது, முழங்கை வரை கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. ஒவ்வொரு அடிக்கும் அந்த வளையல் மூங்கிலில் இடித்தது. எங்கள் கூட மெஷின் தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் சுமையைப் போலீஸ்காரர் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தோள் கொடுத்து அந்தச் செங்குத்தைத் தாண்டிவிட்டு வந்தார்கள்.

தொட்டில் தூக்கியவர்களில் ஒருவர் எங்களைத் தாண்டும்போது திரும்பிக் கேட்டார், "சார், நாளைக்கு ஓட்டு எத்தனை மணி வரைக்கும்?" ஆறு மணி என்று எங்கள் அதிகாரி சொன்னார். மறுநாள் சாயங்காலம் பூத்தை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த மனிதர் வந்தார். சட்டை முழுக்க வியர்வை, கீழே போய்த் திரும்ப ஏறி வந்திருக்கிறார். நான்தான் விரலில் மை வைத்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன், "ஆஸ்பத்திரில சேத்துட்டோம், இன்னும் ஆகல" என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

அங்கே இப்போது ரோடு வேலை தொடங்கிவிட்டது. எத்தனை தலைமுறை கேட்டு வந்த ரோடு தெரியுமா? நாம் வருடத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அந்தப் பாதை அப்படியே இருக்கட்டும் என்று எழுதுகிறோம். தினமும் அதில் நடக்கிறவர்கள் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள்.

காட்டுநடை:

டீச்சர், நான் மக்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. ரோடு வந்த பல மலைகளில் நிலம் யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன். ஊர்க்காரர்களுக்கு ஜீப் போகிற அளவு மண்பாதை, வெளியாள் வண்டிக்குத் தடை, இப்படி ஒரு வழி இருக்கிறதே.

ராசிபுரம் டீச்சர்:

அதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தேயிலைச்சரிவு:

இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. கோத்தகிரி பக்கம் எனக்குத் தினமும் பஸ்ஸுக்குத் தோட்டத்துக்கு நடுவில் குறுக்குவழி நடை, காலை ஆறரைக்கு. மூடுபனி இருந்தால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. அப்படி ஒரு நாள் வளைவில் திரும்பினேன், முன்னால் காட்டுமாடு. எவ்வளவு பக்கம் என்றால், அது மூச்சு விட்டது ஆவியாக வருவதைப் பார்த்தேன். உடம்பு பனிக்குள் கரைந்து கிடந்தது, முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளை மட்டும் தனியாகத் தெரிந்தது. எனக்குக் கால் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். இலை எடுக்கப் போகிற அக்கா, முதுகில் சாக்கு. "பேசாம நில்லு கண்ணு, அது போகட்டும்." அது போவதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, அந்தக் கை என் முழங்கையிலேயே இருந்தது. அது இறங்கிப் போனதும் அக்கா கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார், நடந்துகொண்டே, "நாளைக்குக் கீழ் வழியா வா, கன்னு போட்டிருக்கு, ஒரு வாரம் இந்தப் பக்கம் வேண்டாம்" என்றார்.

அவர் மட்டும் அந்த வழியாகவே போனார். கீழ் வழி சுற்று, நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதாம். பேர் கூடக் கேட்கவில்லை நான்.

பூண்டி அடிவாரம்:

எல்லாரும் எழுதியது படித்தேன். எனக்குக் கோவை பக்கம் வெள்ளியங்கிரி மலையில். ராத்திரி வழுக்குப்பாறையில் நாலு காலில் ஏறிக்கொண்டிருந்தபோது, மேலே கடைக்குச் சரக்குத் தூக்குகிறவர் முதுகில் தண்ணீர் கேஸோடு என்னைத் தாண்டிப் போனார், வாயில் டார்ச். நான் ஏறி முடித்துச் சுக்குக் காபி குடிக்கும்போது அவர் இரண்டாவது சுமைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் முதல் பதிவைப் படித்துவிட்டு யாரும் வெறுங்காலில் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தப் பாட்டி பிறந்ததிலிருந்து அப்படி நடக்கிறார், அவர் பாதத் தோல் வேறு, நம்முடையது வேறு. புது ஷூவும் வேண்டாம், வீட்டைச் சுற்றி இரண்டு வாரமாவது போட்டுப் பழகியதைப் போடுங்கள். கால் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். முட்டி போவது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை ஏறும்போது வாங்க யோசிப்பவர்கள் இறங்கும்போது தேடுவார்கள். இறக்கத்தில் குதிக்காதீர்கள், சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கி, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். தண்ணீரோடு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் பக்தியையோ கௌரவத்தையோ பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள், ஒவ்வொரு சீசனிலும் அந்த மலையில் மாரடைப்பில் ஆள் போகிறது. அப்புறம் அனுமதி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன அத்தனை பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகும் தெரிந்த ஆளைப் பிடித்துக் காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று வனத்துறையே 40 பாதைகளுக்குப் பதிவு தொடங்கியது, கூட வருகிற வழிகாட்டிகளும் அந்தந்த மலைக்காரர்கள்தான். காசு அவர்களுக்குப் போகட்டுமே. பிப்ரவரி நடுவில் தொடங்கிக் காட்டுத்தீக் காலம், அப்போது மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வடகரை:

வெறுங்காலில் நடக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லையே, அண்ணே. அந்தப் பாட்டியின் காலைப் பார்த்தேன் என்றுதான் எழுதினேன். மற்றபடி நகம் பற்றிச் சொன்னது சரி.

டீச்சர் சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். வெள்ளகவியிலும் ஆளுக்கு முடியாமல் போனால் டோலிதான், அந்த ஊர்க்காரர்களும் ரோடு கேட்டுப் பல வருடமாக மனு கொடுத்தவர்கள்தான்.

குதிரைப்பாதை:

பூண்டி அண்ணனுக்கு, தடி எல்லாம் சரி, ஆனால் குதிரை வருகிற பாதையில் தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதே வெள்ளகவிப் பாதையில் பார்த்தேன். அரிசி மூட்டை ஏற்றிய இரண்டு குதிரைகள் மேலே வந்தன, எங்களோடு வந்த பையன் இரண்டு தடியையும் விரித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றான். முன்குதிரை மிரண்டு பின்வாங்கியது, மூட்டை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. குதிரைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முதலில் பையன் கையைப் பிடித்து மலைப் பக்கம் இழுத்துப் போட்டார், அடுத்து குதிரை கழுத்தில் கை வைத்து ஏதோ பேசினார், கடைசியாகத்தான் மூட்டையைப் பார்த்தார். சாக்கு கிழிந்து அரிசி பாதையில் கொட்டியிருந்தது, ரேஷன் அரிசி. நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து கல்லுக்கு நடுவிலிருந்து அள்ளிக் கொடுத்தோம். பணம் கொடுக்கப் போனபோது, "அரிசி எங்க ஊரு ஆளுகளோடது, என்னோடதா இருந்தா வாங்கிக்குவேன்" என்றார்.

குதிரை வந்தால் மலைப் பக்கம் நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். தடியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.