நடந்து நின்றதும் கேமரா ஊஞ்சல்போல் ஆடுகிறது: ஸ்டெபிலைசரில் எங்கே தவறு?

செந்தூல்வாசி:
வணக்கம். கேமரா சோனி ஏ6400, அதோடு வரும் 16-50 லென்ஸ். காட்சி ஆடாமலிருக்கக் கேமராவைத் தாங்கும் ஸ்டெபிலைசர் மோட்டார் இல்லாதது. அடியில் எடைத்தட்டு மாட்டும் வகை. நேராக நிற்பதற்காக முன்னால் 4 தட்டு, பின்னால் 2 போட்டிருக்கிறேன். நின்றதும் காட்சி முன்னும் பின்னும் ஆடுகிறது. வேகமாகத் திரும்பினால் சாய்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் படியேறிக்கொண்டே எடுக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் கேமரா:
தம்பி, ஆட்டத்துக்குக் காரணம் அடிப்பாரம் கூடிப்போனது. கேமராவையும் எடைத்தட்டையும் இணைக்கும் தண்டைப் படுக்கையாகப் பிடித்து விட்டுவிடுங்கள். செங்குத்தாக வந்து சேர 2 முதல் 3 வினாடி ஆக வேண்டும். ஒரே வினாடியில் விழுந்தால் தட்டைக் குறையுங்கள், அல்லது தண்டை ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். 4 வினாடியைத் தாண்டினால் மேல்பாரம் கூடிவிட்டது. விரல் பட்டாலே கவிழும்.

கேமராவை ஆன் செய்துவிட்டுத்தான் இதையெல்லாம் பார்க்க வேண்டும். அந்த 16-50 அணைந்திருக்கும்போது உள்ளே சுருங்கியிருக்கும், ஆன் செய்ததும் மூக்கை நீட்டும். அந்தச் சிறு நீட்டலே முன்பக்கம் குனிய வைக்கப் போதும். லென்ஸ் மூடியைக் கழற்றி, பேட்டரி, கார்டு, மைக் எல்லாம் மாட்டி, தோள்வாரை அகற்றிவிடுங்கள். வீட்டில் பார்ப்பதானால் காத்தாடியை நிறுத்துங்கள். அதன் காற்றே கணக்கைக் கெடுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வீடியோ:
திரும்பும்போது சாய்வது அந்த 4-2 கணக்கால்தான். கேமரா தண்டுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதை முன்தட்டால் ஈடுகட்டியிருக்கிறீர்கள். நிற்கும்போது நேராகத் தெரியும். சுற்றினால் மேல்பாரம் ஒரு பக்கமும் அடிப்பாரம் எதிர்ப்பக்கமும் இழுக்க, தண்டு சாய்ந்துவிடும். இரண்டு பக்கமும் 2 தட்டு போடுங்கள். பிறகு கேமராவை முன்னால் நகர்த்துங்கள், மில்லிமீட்டர் கணக்கில். அதன்பின் இடவலம் பாருங்கள், கடைசியில் மறுபடி வினாடியை எண்ணுங்கள். சரியான இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவையுங்கள்.

படிக்கட்டைப் பற்றி ஒன்று. கேமரா மேலும் கீழும் எழும்புவதை எந்தத் தட்டும் அடக்காது. கைப்பிடிக்கு மேலே இருக்கும் கிம்பல் மூட்டு உங்கள் கையின் சாய்வையும் திருப்பத்தையும் மட்டுமே பிரித்துவிடும். 272 படிக்கும் முழங்காலும் முழங்கையும்தான் ஸ்பிரிங். முழங்கையை உடம்போடு ஒட்டாமல் மடக்கி வைத்து, முன்பாதத்தை முதலில் பதியுங்கள்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே. 2-2 போட்டு, கேமராவை முன்னால் தள்ளியதும் இரண்டரை வினாடி வருகிறது. சுற்றினாலும் சாயவில்லை. மேலே காற்றடித்தால்?

ஜார்ஜ்டவுன் கேமரா:
தண்டைக் கொஞ்சம் நீட்டி ஒன்றரை வினாடிக்குக் கொண்டுவாருங்கள். லேசான ஆட்டம் திரும்ப வரும். அதை இடக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அடக்கும்: கிம்பலுக்குச் சற்றுக் கீழே, தண்டைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் நடை அப்படியே காட்சியில் ஏறிவிடும்.