பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பீட்டில் என்ன பெயர்?

ஐயா, வணக்கம்.

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களைத் தமிழில் எழுதும்போது, தொடர்ந்து பல நாட்கள் யாரும் குடியிராத வீட்டை 'ஆளில்லா வீடு' என்று குறிக்கலாம் என உங்கள் கலைச்சொல் பட்டியலில் முன்மொழிந்திருந்தீர்கள். படித்தவுடன் புரியும் சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் சொல் அதிகம் தேவைப்படும் இடம் புதுப்பிப்பு வேலை நடக்கும் வீடு; அங்கேதான் அது பொய்த்துப் போகிறது.

ஏற்காட்டில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் மலையிலிருந்து கீழே இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு இருக்கிறது. மேலே, மங்களூர் ஓடுகளை இறக்கி வாசலில் அடுக்கிவிட்டு, கைமரங்களின் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். சன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்தாயிற்று. பீரோ, கட்டில், மிக்சி எல்லாம் ஒரே அறைக்குள் அடைக்கப்பட்டுப் பூட்டுத் தொங்குகிறது. பகல் முழுவதும் கொத்தனாரும் சித்தாளும் தச்சரும் அங்கேதான் இருக்கிறார்கள். இரவில் இரண்டு பேர் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். இதை ஆளில்லா வீடு என்றால் எந்த மேஸ்திரி ஒப்புக்கொள்வார்? காப்பீட்டுக் கணக்கிலோ அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. 'ஆளில்லா' என்றதும் விமானமும் ரயில்வே கேட்டும் நினைவுக்கு வருவது தனிச் சங்கடம்.

'காலி வீடு' என்பது வாடகைக்கு வீடு தேடுபவர்களின் சொல். தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லாத வீட்டுக்கு அதை ஒதுக்கி வைத்துவிடலாம். சாமான் இருந்து குடும்பம் மட்டும் இல்லாத வீட்டைக் காப்பீட்டில் வேறாகப் பார்ப்பதுண்டு. 'பூட்டிய வீடு' காவல் நிலையத்துக்கும் திருட்டுச் செய்திக்கும் உரியது. வேலை நடக்கும் வீடு பகலெல்லாம் திறந்தே கிடக்கும்.

நான் பரிந்துரைப்பது 'குடியில்லாக் காலம்'. வீட்டுக்கு அடைமொழி தேடுவதை விட்டுவிட்டுக் காலத்துக்குப் பெயர் வைப்போம் என்கிறேன், ஏனென்றால் விதி எண்ணுவது நாட்களைத்தான். நம் நாட்டில் நெடுங்காலம் புழங்கிய பொதுத் தீக்காப்பீட்டுப் பத்திரத்தின்படி, கட்டடம் 30 நாட்களுக்கு மேல் குடியின்றிக் கிடந்தால், இழப்பு நேர்வதற்கு முன்பே நிறுவனத்தின் இசைவைப் பெற்றுப் பத்திரத்தில் பதிந்திருந்தாலன்றி, அந்தக் கட்டடத்துக்கான காப்பு நின்றுவிடும். பிரிட்டனின் வீட்டுக் காப்பீடுகளிலும் பெரும்பாலும் 30 அல்லது 60 நாட்கள் என்றே வரம்பு இருக்கிறது. 'ஆளில்லா வீடு' என்று எழுதினால் நாள் கணக்கை இன்னொரு வாக்கியத்தில் விளக்க வேண்டும். 'குடியில்லாக் காலம் 30 நாட்களைத் தாண்டினால்' என்று எழுதினால் விதியே முடிந்துவிடுகிறது.

குடி என்றால் மது என்று படிப்பார்களே என ஒரு நண்பர் சிரித்தார். குடிபுகுதல், குடிபெயர்தல், குடித்தனம் என்று அன்றாடம் பேசுகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. மேலும், அடுப்பெரிந்து குடித்தனம் நடக்கிறதா என்று கேட்டால் காவலாளியும் கட்டடத் தொழிலாளியும் தாமாகவே விலகிவிடுகிறார்கள்.

அடுத்தது, கூடுதலாக ஓர் அறை கட்டுவதற்கான சொல். உங்கள் பட்டியலில் 'நீட்டிப்பு', 'விரிவாக்கம்' என இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் நீக்க வேண்டும் என்பதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன். காப்பீட்டுப் பத்திரத்தில் நீட்டிப்பு என்று கண்டால் காப்புக்காலம் நீள்கிறது என்றும், விரிவாக்கம் என்று கண்டால் கூடுதல் இடர்களுக்குக் காப்பு விரிகிறது என்றும்தான் வாசகர் புரிந்துகொள்வார். நம் ஊரில் 'பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்' என்பார்கள். அழகான வழக்கு, ஆனால் பத்திரத்தில் ஏறாது. 'கூடுதல் கட்டுமானம்' போதும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குப் பொதுவான பாரத் கிருஹ ரக்ஷா பத்திரத்தில் நிலச்சரிவுக்குக் காப்பு உண்டு; ஆனால் கட்டுமானம், இடித்தல், கட்டமைப்பு மாற்றம், மண் தோண்டுதல் ஆகியவற்றால் நேரும் சரிவுக்குக் கிடையாது. கட்டடத்தில் சேர்க்கையோ மாற்றமோ செய்தால் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் அடித்தளத்துக்கு மண்ணை வெட்டும் ஒருவர் 'விரிவாக்கத்தைத் தெரிவிக்கவும்' என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் பார்த்தோம். மழையால் சரிந்ததா, வெட்டியதால் சரிந்ததா என்ற வழக்கு அந்தப் புரிதலிலிருந்தே தொடங்கும்.

திருட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பத்திரத்தில், காப்புக்குட்பட்ட விபத்து நேர்ந்து 7 நாட்களுக்குள் அதன் விளைவாக நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இழப்பீடு உண்டு. மற்றவற்றுக்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும். அந்தத் தனிக் காப்பில் பழைய சட்டத் தமிழின் 'கன்னக்களவு' நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் உடைத்து அல்லது பலவந்தமாக நுழைந்த தடயத்தைத்தான் நிறுவனம் கேட்கும். சன்னலைப் பெயர்த்து வைத்திருக்கும் வீட்டில் திருடன் எதை உடைப்பான்? 'திருட்டு' என்று பொதுவாக எழுதினால் உரிமையாளர் தமக்குக் காப்பு இருப்பதாக நம்பிவிடுவார்.

ஒப்பந்ததாரர் எடுக்கும் 'முழு இடர் காப்பீடு' புதிய வேலையையும் அதற்கான பொருட்களையும்தான் காக்கும். ஏற்கெனவே நிற்கும் சுவர்கள் தனியே சேர்க்கப்பட்டால்தான் அதில் வரும். அவற்றுக்கு 'நிலவும் கட்டடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பழைய கட்டடம்' என்றே எழுதலாமே.

விதியை இப்படி அமைத்துப் பார்த்தேன்: "புதுப்பிப்போ கூடுதல் கட்டுமானமோ தொடங்குமுன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குடியில்லாக் காலம் 30 நாட்களைத் தாண்டுமானால், அதற்கு முன்பே நிறுவனத்தின் இசைவைப் பெற்றுப் பத்திரத்தில் பதிய வேண்டும்." அந்தப் பதிவுக்கு 'மேலெழுத்து', 'புறக்குறிப்பு' என இரண்டு சொற்கள் பட்டியலில் உள்ளன. முன்னது காசோலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் பின்னதை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் எதை ஏற்கிறீர்கள்?